அவுட்புட் வரல, மேடம்

எஸ்டிஏ 4200 என்ற கட்டளையை 8085 கிட்டில் ஏற்ற மூன்று பைட் அடிக்க வேண்டும்: 32, 00, 42. முகவரியின் பின்பாதி முதலில், முன்பாதி பிறகு. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பே தலையாட்டும். மறுநாள் ஆய்வகத்தில் அதே பிள்ளைகளில் பலர் 32, 42, 00 என்று அடிப்பார்கள். விடை 4200க்குப் போகாது, 0042க்குப் போகும். அந்த இடத்தில் கிட்டின் மானிட்டர் புரோகிராம் குடியிருக்கும் ஈப்ராம் சிப் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கிட்டில் அதில் எதையும் எழுத முடியாது. பிராசஸர் தன் கடமையைச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். எழுதிய எண் எங்கும் தங்கியிருக்காது. திரையில் பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை ஒலியும் கிடையாது. 4200ஐத் திறந்து பார்த்தால் பழைய குப்பை எண் ஒன்று கிடக்கும். அப்போது கடைசி மேசையிலிருந்து குரல் வரும்: “மேடம், அவுட்புட் வரல.”

பாலிடெக்னிக்கில் நான் நடத்தும் டிஜிட்டல் ஆய்வகத்திலும் மைக்ரோபிராசஸர் ஆய்வகத்திலும் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். அந்தக் குரல் வந்த பிறகுதான் அன்றைய வகுப்பு தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவுட்புட் உடனே வந்துவிட்ட மேசையில் பிள்ளைகள் எண்ணைக் குறித்துக்கொண்டு வயரைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். வராத மேசையில்தான் மின்னணுவியல் நடக்கும்.

எங்கள் கல்லூரி தென்மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு நேரே டிப்ளமோவுக்கு வரும் பிள்ளைகள். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளிலிருந்தும், மானாவாரி நிலத்தை நம்பிய வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மிரளும் அதே பையன், கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் என்று வரிசையாகப் பார்த்துக் குற்றத்தைப் பிடித்துவிடுவான். அந்த ஒழுங்கு அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. சிப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துபோகிறான். மறக்கவிடாமல் பார்த்துக்கொள்வதே என் வேலை.

அதனால் கூப்பிட்டவுடன் நான் வயரைத் தொடுவதில்லை. “என்ன வரணும்னு எதிர்பார்த்தே? என்ன வந்திருக்கு?” என்று இரண்டு கேள்வி கேட்பேன். முதல் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அவுட்புட் வரவில்லை என்று சொல்லக்கூட இன்னும் உரிமை வரவில்லை. எதிர்பார்ப்பை நோட்டில் எழுதிவிட்டு மறுபடியும் கூப்பிடச் சொல்வேன். எழுதும்போதே பாதிப் பேருக்குக் குற்றம் தெரிந்துவிடும், கூப்பிட மாட்டார்கள்.

டிஜிட்டல் ஆய்வகம் முதலில் வருகிறது. 7400 என்ற நான்டு கேட் சிப்பில் தொடங்குகிறோம். பதினான்கு கால், பதினான்காவது காலுக்கு 5 வோல்ட், ஏழாவது கால் கிரவுண்ட். 7408, 7432, 7486 எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. நாலு வாரத்தில் பிள்ளைகள் மூலைக்கால் ஒன்றுக்கு 5 வோல்ட், எதிர்மூலைக்குக் கிரவுண்ட் என்று கையால் பழகிவிடுவார்கள். பிறகு 7402 வரும். மின்சாரக் கால்கள் அதேதான். ஆனால் கேட்டின் வெளியீடு மூன்றாவது காலில் இல்லாமல் முதல் காலில் இருக்கிறது. அடுத்து 7476 வரும். பதினாறு கால், 5 வோல்ட் ஐந்தாவது காலுக்கு, கிரவுண்ட் பதின்மூன்றாவது காலுக்கு. பழக்கத்தில் மூலையில் கொடுத்தவர்களின் ஃபிளிப்-ஃப்ளாப் ஊமையாக இருக்கும்; சில சமயம் சிப் விரல் வைக்க முடியாத அளவு சுடும். இந்த வரிசையை நான் வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருக்கிறேன். டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் எந்தச் சிப்புக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது அறிவுரையாகச் சொன்னால் ஒட்டாது. சூடான 7476 ஒன்றைத் தொட்டவர்களுக்கு அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இணைக்காமல் விட்ட கால் இன்னொரு பெரிய பாடம். டிடிஎல் சிப்பில் உள்ளீட்டைக் காற்றில் தொங்கவிட்டால் அது ‘ஒன்று’ போல நடந்துகொள்ளும். மல்டிமீட்டரை வைத்தால் ஒன்றரை வோல்ட் அக்கம்பக்கம் காட்டும். 0.8க்குக் கீழே பூஜ்யம், 2க்கு மேலே ஒன்று என்று சட்டம் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இந்த இரண்டுங்கெட்டான் எண் திகைப்பாக இருக்கும். ‘ஒண்ணு’ என்று மீட்டரை நம்பாமல் எழுதுவதா, மீட்டரை நம்பி எழுதாமல் விடுவதா? அந்தத் திகைப்பை நான் அவசரமாகத் தீர்த்துவைப்பதில்லை. ட்ரூத் டேபிளில் பூஜ்யம், ஒன்று இரண்டுதான். மேசையில் வோல்டேஜ்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தத்தை யாரோ போட்டிருக்கிறார்கள், அதை மீறினால் சிப் பொறுப்பேற்காது என்பது அன்றைக்குப் புரிந்தால் போதும்.

7476ஐ வைத்து கவுண்ட்டர் கட்டும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். கிளாக் துடிப்புக்கு ஒரு சாதாரண ஸ்விட்சைப் போடச் சொல்வேன். ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். கூடாது. பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குத் தாவும், அங்கிருந்து நாலு, பிறகு ஒன்பது. வயரிங்கை மறுபடி மறுபடி சரிபார்ப்பார்கள். ஐசியை மாற்றுவார்கள். பக்கத்து மேசையின் ஐசியைக் கடன் வாங்கிப் பார்ப்பார்கள். அதுவும் தாவும். எல்லா வழியும் அடைபட்ட பிறகு ஸ்விட்சின் முனையை டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஆசிலோஸ்கோப்பில் மாட்டி ஒருமுறை அழுத்தச் சொல்வேன். திரையில் ஒரே ஒரு படி வர வேண்டிய இடத்தில் நாலைந்து கூரான முட்கள் நிற்கும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு தரையில் போட்ட கோலிக்குண்டு போலச் சில மில்லிசெகண்ட் குதித்துவிட்டுத்தான் அடங்குகிறது. நமக்கு அது ஒரு அழுத்தல், கவுண்ட்டருக்கு நாலைந்து.

அப்புறம் அந்த மேசையில் கிடக்கும் 7400இலிருந்து இரண்டு கேட்டை எடுத்து ஒன்றன் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டுக்குக் குறுக்காகக் கொடுத்து, இருவழி ஸ்விட்ச் ஒன்றை அதோடு இணைக்கச் சொல்வேன். ஸ்விட்ச் எத்தனை தரம் குதித்தாலும் முதல் தொடுதலிலேயே லாட்ச் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடும். கவுண்ட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் போகும். எஸ்ஆர் லாட்சை அவர்கள் முந்தின மாதமே படித்து, படம் வரைந்து, அட்டவணையும் எழுதித் தந்திருப்பார்கள். அது எதற்காகப் பிறந்தது என்று அன்றுதான் தெரியும். அதன்பிறகு யாரும் அதை எனக்கு மனப்பாடமாக ஒப்பித்ததில்லை, வரைந்து விளக்குகிறார்கள்.

ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதற்குச் செத்த ஐசி டப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆய்வகங்களில் பழுதான சிப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அல்லது அது நல்ல சிப்புகளோடு கலந்து வருடக்கணக்கில் எல்லோரையும் அலைக்கழிக்கும். நான் அவற்றைத் தனியே சேர்க்கிறேன். மூன்று கேட் உயிரோடும் ஒன்று செத்தும் இருக்கும் 7400, கிளியர் கால் வேலை செய்யாத ஃபிளிப்-ஃப்ளாப், ஒரு பட்டை மட்டும் எரியாத ஏழு பட்டை டிஸ்ப்ளே. உள்தேர்வில் இவற்றில் ஒன்றைக் கொடுத்து, எது செத்திருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதச் சொல்வேன். சர்க்யூட் ஓடினால்தான் மார்க் என்ற பயம் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்து ஒவ்வொரு காலாக அளக்கும் முகங்களைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதே டப்பாவில் ஸ்டிக்கர் உரித்த பழைய 2764 ஈப்ராம் ஒன்றும் இருக்கிறது. சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புறஊதா ஒளியைக் கால் மணி நேரம் போலக் காட்டினால் உள்ளே எழுதியது அழியும். வெளிச்சம் படாமலிருக்கத்தான் ஸ்டிக்கர். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிலிக்கான் துண்டும் அதிலிருந்து கால்களுக்குப் போகும் மயிரிழைக் கம்பிகளும் தெரியும். சிப்பின் உடலை வெறுங்கண்ணுக்குக் காட்டும் இந்த வகை இப்போது கடைகளில் அருகிவிட்டது. கறுப்புப் பெட்டிக்குள் ஏதோ மாயம் இருக்கிறது என்ற எண்ணம் அந்த ஜன்னலைப் பார்த்ததும் போய்விடும். புதிதாக ஆய்வகம் அமைப்பவர்கள் இதில் ஒன்றையாவது தேடி வாங்கி வைக்க வேண்டும்.

மைக்ரோபிராசஸர் பகுதிக்கு வருகிறேன். இரண்டு எண்ணைக் கூட்டும் முதல் புரோகிராமை எல்லோரும் முடித்துவிடுவார்கள். ஹெக்ஸில் 90ஐயும் 80ஐயும் கூட்டச் சொன்னால் 10 வரும். கூட்டுத்தொகை 110 ஆயிற்றே, முன்னால் இருக்கும் ஒன்று எங்கே? கேரி ஃப்ளாகுக்குள் போயிருக்கிறது. அதைப் பிடிக்க சி ரிஜிஸ்டரில் பூஜ்யம் வைத்து, கேரி வந்தால் சி-யை ஒன்று கூட்ட வேண்டும். இங்கே ஒரு பழைய குழப்பம் வருடந்தோறும் தவறாமல் வரும். சி என்றால் கேரி, ஆகவே அந்த ரிஜிஸ்டர்தான் கேரி என்று நினைத்துக்கொள்வார்கள். வாயால் விளக்குவதில் பயனில்லை. சிங்கிள் ஸ்டெப் முறையில் ஒவ்வொரு கட்டளையாக ஓடவிட்டு, ரெஜ் பட்டனை அழுத்தி ஃப்ளாக் ரிஜிஸ்டரையும் சி-யையும் தனித்தனியே பார்க்க வைத்தால் இரண்டும் வேறு வேறு வீடு என்று தெரிந்துவிடும்.

இந்த ஆய்வகத்தின் உச்சம் என்று நான் நினைப்பது எல்இடி ஒன்றை அணைத்து அணைத்து எரியவைக்கும் பயிற்சி. 8255 சிப்பின் எல்லாப் போர்ட்டையும் வெளியீடாக மாற்ற 80 என்ற கட்டுப்பாட்டு எண்ணை அனுப்புகிறோம். எல்இடியை எரியவிட்டு ஒரு தாமதம், அணைத்துவிட்டு ஒரு தாமதம், மறுபடி முதலிலிருந்து. தாமதத்துக்கு டிஇ ரிஜிஸ்டர் ஜோடியில் மிகப்பெரிய எண்ணான 65,535ஐ வைத்து, டிசிஎக்ஸ் கட்டளையால் ஒன்று ஒன்றாகக் குறைத்து, பூஜ்யம் ஆகும்வரை சுற்ற வேண்டும். பிள்ளைகள் தாங்களே எழுதும்போது டிசிஎக்ஸ் டி, அடுத்து ஜேஎன்இசட் என்று நேரடியாக எழுதுவார்கள். பார்வைக்கு மிகச் சரி.

ஒரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இதே புரோகிராமை இரண்டு பேர் பைட் பிசகாமல் ஏற்றியிருந்தார்கள். ஒரு மேசையில் எல்இடி பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றது, அணையவே இல்லை. மற்ற மேசையிலும் சிமிட்டவில்லை, ஆனால் சற்று மங்கலாக எரிந்தது. “கிட்டு போச்சு மேடம்” என்றாள் முதல் மேசைக்காரி. “என் கிட்டு அரைகுறையா போச்சு” என்றான் அடுத்தவன். கிட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் தரவில்லை. மங்கல் ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

அந்தப் பெண் ஆசிலோஸ்கோப்பை எடுத்து மங்கலான எல்இடியில் வைத்தாள். சீரான சதுர அலை. நொடிக்கு இருபதாயிரத்துக்கும் மேல். ஆக, எல்இடி சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது; கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். தாமதம் நடக்கவே இல்லை. அவள் மேசையிலோ தாமதம் முடியவே இல்லை. ஒரே புரோகிராம் ஓரிடத்தில் நுழைந்ததும் வெளியே வந்துவிடுகிறது, இன்னோரிடத்தில் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் கட்டளைத் தொகுப்பு அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதிய உணவு மணி அடித்தும் எழவில்லை. கடைசியில் டிசிஎக்ஸ் வரியின் ஃப்ளாக் கட்டத்தில் இருந்ததை அவன் வாய்விட்டுப் படித்தான்: எந்த ஃப்ளாகும் மாறாது.

பதினாறு பிட் ஜோடியைக் குறைக்கும் டிசிஎக்ஸ், ஜேஎன்இசட் பார்க்கும் ஜீரோ ஃப்ளாகைத் தொடுவதில்லை. அந்தப் புரோகிராமில் இருந்த வேறெந்தக் கட்டளையும் தொடுவதில்லை. ஆகவே ஓட்டத் தொடங்கும்போது அந்த ஃப்ளாகில் என்ன கிடந்ததோ அதுவே கடைசிவரை. முந்தைய பயிற்சியின் எச்சம் ஒரு கிட்டில் ஒன்றாகவும் மற்றதில் பூஜ்யமாகவும் இருந்திருக்கிறது. நிரூபிக்கச் சொன்னேன். ரிஜிஸ்டர் பட்டனை அழுத்தி ஜீரோ ஃப்ளாகைக் கையால் மாற்றிவிட்டு ஓட்டினார்கள். பளிச்சென்று எரிந்தது மங்கியது; மங்கியது பளிச்சென்று எரிந்தது. இருவரும் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பிழையை நீக்க டி-யை ஏ-வுக்கு நகர்த்தி, இ-யோடு ஓஆர்ஏ செய்ய வேண்டும். இரண்டும் பூஜ்யமானால் மட்டும் ஜீரோ ஃப்ளாக் எழும். ஒரு சுற்றுக்கு 6, 4, 4, 10 ஆக 24 டி-ஸ்டேட், அதாவது 24 கிளாக் துடிப்பு. 65,535 சுற்றுக்கு 15,72,840. எங்கள் கிட்டின் படிகம் 6.144 மெகாஹெர்ட்ஸ், பிராசஸர் அதை உள்ளே இரண்டாக வகுத்துக்கொண்டு நொடிக்கு 30,72,000 டி-ஸ்டேட் ஓடும். தாமதம் 0.512 நொடி. எரிய ஒன்று, அணைய ஒன்று, சேர்த்து 1.024 நொடி. கைக்கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணச் சொல்வேன். 58 முடிந்து 59 பாதியில் நிற்கும். “ஏன் 60 இல்லை?” என்று கேட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தாள் சொல்வதும் எல்இடி சொல்வதும் ஒன்றாகும் நொடியில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஸ்டெப்பர் மோட்டாருக்கு வரும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். ஒரு அடிக்கு 1.8 டிகிரி, முழுச் சுற்றுக்கு 200 அடி. தாமதத்தைக் குறைத்துக்கொண்டே போனால் வேகம் கூடும். ஓரளவுக்கு மேல் மோட்டார் சுற்றாமல் ரீங்காரம் மட்டும் போடும். புரோகிராம் சரி, கணக்கும் சரி, இரும்பால் அவ்வளவு வேகத்துக்கு எழ முடியவில்லை. இதைக் காதால் கேட்க வேண்டும்.

8085 வந்தது 1976இல். இன்னும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். பாடத்திட்டம் 8051க்கும் அதற்கப்பாலும் நகர்ந்துவிட்டது, அது நியாயம்தான். என் பிள்ளைகளும் ப்ராஜெக்ட்டுக்கு அர்டுயினோ பயன்படுத்துகிறார்கள். நானே வாங்கித் தருகிறேன். ஆனால் அர்டுயினோவில் ஒரு வரி எழுதினால் எல்இடி எரிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்கும் காலில் வரும் 5 வோல்ட்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்க ஒரு பிள்ளைக்கும் தோன்றாது. எரியாத அன்றைக்கு எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. எட்டு டேட்டா கம்பி, பதினாறு முகவரிக் கம்பி, அதில் எட்டு இரண்டு வேலைக்கும் பொது என்று விரலால் தொட்டு எண்ணிவிடக்கூடிய இயந்திரம் ஒன்றை முதலில் அரையாண்டாவது பழகட்டும். எந்த எண்ணுள்ள சிப் என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. அடிமட்டம்வரை இறங்கிப் பார்க்க முடிகிற சிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2020இல் கல்லூரிகள் மூடியபோது சிமுலேட்டரில் நடத்தினோம். ரிஜிஸ்டர், ஃப்ளாக், நினைவகம் எல்லாம் ஒரே திரையில் தெரியும். டிசிஎக்ஸ் கதையைக்கூட அதில் காட்டலாம். கையில் கிட் இல்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் சிமுலேட்டரில் எந்தக் காலும் காற்றில் தொங்குவதில்லை, ஸ்விட்ச் குதிப்பதில்லை, ஐசி சுடுவதில்லை. திரும்பி வந்த அந்தத் தொகுதி, கட்டளைகளை அருமையாக எழுதியது. கிரவுண்ட் கம்பி கழன்று கிடப்பதைப் பார்க்காமல் புரோகிராமைத் திருத்திக்கொண்டே இருந்தது. அவர்களுக்காகக் கூடுதல் ஆய்வக நேரம் கேட்டு வாங்கினோம்.

தேர்வுமுறையோடுதான் எனக்குத் தீராத வழக்கு. மூன்று மணி நேரம், சீட்டு எடுத்தல், வெளித்தேர்வாளர், அவுட்புட் வந்தால் மார்க். இதற்காகப் பிள்ளைகள் புரோகிராமை ஹெக்ஸ் எண்களாகவே மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஒரு பைட் நழுவினால் எல்லாம் போயிற்று. என் கைக்குள் இருப்பது ரெக்கார்டு நோட் மட்டும். அதில் வந்த விடைக்கு எதிர்ப்பக்கத்தில், முதலில் வந்த தவறான விடையையும் அதன் காரணத்தையும் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஒரு தேர்வாளர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, வைவாவில் அவற்றிலிருந்தே கேள்வி கேட்டார். பதில் சொன்ன பிள்ளைகள் தடுமாறவே இல்லை. அது அவர்களுக்கே நடந்த கதை.

மங்கலான எல்இடியை அளந்த பெண் இப்போது நூற்பாலைகளின் கண்ட்ரோல் போர்டுகளைச் சரிசெய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஆய்வகத்துக்கும் வந்தாள். பிள்ளைகளிடம் பேசச் சொன்னேன். போர்டு மேசைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒருவன் கேட்டதற்கு, “சப்ளை இருக்கான்னு அளப்பேன். போர்டோட மூலையில இல்ல, சிப்போட கால்ல அளப்பேன்” என்றாள்.

இந்த ஆண்டிலிருந்து டிஜிட்டல் ஆய்வகத்தின் முதல் வாரங்களில் 7400ஐத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஒரு லாஜிக் புரோப் செய்துகொள்ள வேண்டும் என்று மாற்றியிருக்கிறேன். எல்எம்393 ஒன்று, சில ரெசிஸ்டர்கள், சிவப்பும் பச்சையுமாக இரண்டு எல்இடி, முனைக்கு ஒரு தையல் ஊசி. 2 வோல்ட்டுக்கு மேலே சிவப்பு, 0.8க்குக் கீழே பச்சை, நடுவில் இரண்டும் எரியாது. நூறு ரூபாய்க்குள் முடிகிறது. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து மொத்தமாக வாங்கிவந்துவிட்டோம். சால்டரிங் பழக்கமும் கூடவே வந்துவிடும். படிப்பு முடிந்து போகும்போது புரோப் அவர்களுக்கே சொந்தம். ஆய்வகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.